பாவாத்தாளின் தலையணை

வண்டி மடம் என்று ஒன்று உண்டு. அதற்குச் சுவரும் கிடையாது, கோபுரமும் கிடையாது. வடிவாம்பாள் தன்னுடைய பழைய மினி பஸ்ஸை எந்த மரத்தடியில் நிறுத்துகிறாரோ, அன்றைக்கு அதுதான் மடம். வேனையும் லாரியையும் வீடாக மாற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் அவரைத் தேடி வருவார்கள். ஸ்டெப்னியைப் பற்றியும் கேட்பார்கள், சொர்க்கத்தைப் பற்றியும் கேட்பார்கள்.

"அம்மா, கடவுள் இருக்காரா?"

"டயர்ல காத்து இருக்கான்னு பாத்தீங்களா?"

"மனசு அடங்க மாட்டேங்குதும்மா."

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்தி எத்தனை நாளாச்சு?"

கேட்டவர் குழம்பிப்போய்த் திரும்புவார். போய்ப் பார்த்தால் நிஜமாகவே டயரில் காற்று இருக்காது.

இந்தப் பதில்களில் கிறங்கிப்போன சீடர் ஒருவர் இருந்தார். பெயர் சென்னியப்பன். கரூரில் படுக்கை விரிப்புக் கடை நடத்தியவர், குருவைவிடப் பல வயது மூத்தவர். மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு கடையை மூடிவிட்டு ஒரு வேனை வாங்கினார். அதில் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி, மனைவி பாவாத்தாளையும் ஏற்றிக்கொண்டு குருவின் பின்னாலேயே கிளம்பிவிட்டார். அம்மா டயர் என்றால் இவருக்கு அது ஆன்மா. கிளட்ச் என்றால் பற்று. அம்மா தும்மினால்கூட அதில் ஒரு தத்துவம் கண்டுபிடிக்காமல் தூங்கமாட்டார்.

பாவாத்தாளுக்கு இதெல்லாம் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஒழுகாத கூரை ஒன்று இருந்தால் அவளுக்குப் போதும். கடைசியில் அதற்கும் வந்தது கேடு.

ஆயுத பூஜை முடிந்து, மடம் கொல்லிமலை அடிவாரத்தில் தங்கியிருந்தபோது முதல் மழை பிடித்தது. வேன் சரிவில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பின்பக்கக் கட்டிலில், சொல்லிவைத்த மாதிரி, பாவாத்தாளின் தலையணையில் மட்டும் சொட்டியது. சென்னியப்பன் படுக்கும் பக்கம் ஒரு துளி இல்லை.

காலையில் அவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். வெள்ளை உறையில் சிவப்பாகக் கறை.

"துரு," என்றார் சென்னியப்பன்.

"துருவா? மோந்து பாருங்க. இது குங்குமமுங்க."

"மானத்துல இருந்து குங்குமமா பெய்யுது? கூரைத் தகரம் துருப்பிடிச்சிருக்குது, அவ்வளவுதான்."

ஏணி வைத்து ஏறினார். தலையணைக்கு நேர் மேலே சுரண்டினார், ஒழுகல் அடைக்கிற பசையை அப்பினார். அடுத்த மழையிலும் அதே இடத்தில் அதே சொட்டு. சரி, அம்மாவிடமே கேட்டுவிடுவோம் என்று போனார். வடிவாம்பாள் கேஸ் குழாயில் சோப்பு நுரையைத் தடவி, எங்காவது குமிழி கிளம்புகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கூரை ஒழுகுது."

"யார் பக்கம்?"

சென்னியப்பனுக்குப் புல்லரித்தது. யார் பக்கம்! எவ்வளவு பெரிய கேள்வி! நான் யார், என் பக்கம் எது, பிறர் பக்கம் எது என்று அன்று முழுக்க யோசித்தார். தலைவலிதான் மிச்சம். பசையை இன்னும் தடிமனாக அப்பிவிட்டுப் படுத்தார்.

மறுபடி மழை, மறுபடி சொட்டு. மறுபடி குருவிடம் போனார்.

"எங்க ஒழுகுதுன்னே புரியலைங்கம்மா."

"பாவாத்தாம்மா என்ன சொல்றாங்க?"

இது முன்னதைவிடக் குழப்பமாக இருந்தது. கூரைக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? பாவாத்தாள் என்று அம்மா சொல்வது மாயையைத்தான் போலிருக்கிறது. மாயை என்ன சொல்கிறது? புளியமரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார். பாவாத்தாள் காப்பியோடு வந்தாள்.

"ஏனுங்க, வண்டிக்கு முன்னாடி மேல ஏறிப் பாருங்களேன். பூஜையன்னிக்கு நீங்க அந்தப் பொம்மைய..."

"செத்த சும்மா இரு பாவாத்தா. அம்மா ஒரு கேள்வி குடுத்திருக்காங்க."

"என்ன கேள்வி?"

"நீ என்ன சொல்றேன்னு கேட்டிருக்காங்க. அதைத்தான் யோசிச்சிட்டு இருக்கறேன். பேசாம போ."

பாவாத்தாள் காப்பியைத் தானே குடித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மத்தியானம் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் துணிமணிகளைப் பையில் அடைத்தாள்.

"நாமக்கல் பஸ்ஸுல மக வீட்டுக்குப் போறனுங்க. இனி இந்த வண்டில நான் தலை சாய்க்கிறதா இல்ல."

"எப்ப வருவ?"

அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பஸ் வரும்வரை இருக்கலாம் என்று குருவின் மினி பஸ்ஸில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சென்னியப்பன் பயந்துபோனார். கடையிலும் சரி, வீட்டிலும் சரி, அவள் இல்லாமல் ஒரு நாளைத் தள்ளத் தெரியாத மனிதர் அவர். குருவிடம் ஓடினார்.

"அம்மா, அவ போறேங்கறா. நான் என்ன பண்ணட்டும்?"

"மழை வருது. போய் அவங்க இடத்துல படுங்க."

"அவங்க இடம்னா... இந்த இல்லற வாழ்க்கையில..."

"தலையணை இருக்கிற இடம்."

ஒன்றும் விளங்காமல் போய்ப் படுத்தார். மழை பிடித்தது. தலையணை என்று அம்மா எதைச் சொல்கிறார்? உறக்கத்தையா, அறியாமையையா? அந்த யோசனை முடிவதற்குள் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது கண்ணில். காதோரமாக வழிந்து கழுத்துக்குள் இறங்கியபோது உடம்பு வெடவெடத்தது. எந்தத் தத்துவத்தைத் தொடங்கினாலும் பாதியில் ஒரு சொட்டு வந்து கலைத்தது. கடைசியில் ஒரே ஒரு நினைப்புதான் மிஞ்சியது. இப்படித்தானே அவள் படுத்திருந்தாள், பக்கத்தில் நான் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தேனே. வெட்கமாக இருந்தது.

நெற்றியைத் துடைத்தார். விரலெல்லாம் சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனார்.

சந்தன வாசம்.

துருவுக்கு எங்கே சந்தன வாசம் வரும்? எழுந்து உட்கார்ந்தார். ஆயுத பூஜையன்று வண்டிக்குக் கண் பட்டுவிடக்கூடாதென்று ஒரு திருஷ்டி பொம்மை வாங்கினார். அதைக் கட்டக் கொக்கி வேண்டுமே என்று கூரையின் முன்விளிம்பில் துளை போட்டார். நல்ல நாளும் அதுவுமாக வண்டியைத் துளைக்கிறோமே என்று மனது உறுத்தவே, துளைக்குள் சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்து அடைத்து, அதன்மேல் கொக்கியை முடுக்கினார். பசை வைக்கவேண்டிய இடத்தில் சந்தனம்.

கொட்டுகிற மழையில் ஏணியில் ஏறினார். கொக்கி ஆடியது, சுற்றிலும் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. சரிவில் நிற்கும் வண்டி ஆயிற்றே, முன்னால் இறங்கிய தண்ணீர் தகரத்துக்கு அடியிலேயே ஓடிப் பின்னால் சொட்டியிருக்கிறது. கொக்கியைப் பிடுங்கிப் போட்டார். துளைமேல் ஒரு குவளையைக் கவிழ்த்து, அதன்மேல் கல்லை வைத்துவிட்டு உள்ளே வந்தார். சொட்டு குறைந்து, பிறகு நின்றேபோனது.

சொட்டச் சொட்ட நனைந்தபடி மினி பஸ்ஸின் வாசலில் வந்து நின்றார். வடிவாம்பாள் வைப்பரின் ரப்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாவாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"துருவுங்களா?" என்று கேட்டாள்.

"குங்குமம்," என்றார் சென்னியப்பன். அந்தச் சிவந்த விரலை நீட்டிக் காட்டினார்.

சாலையில் நாமக்கல் பஸ் ஹாரன் அடித்தது. பாவாத்தாள் மடியிலிருந்த பையை எடுத்தாள். எடுத்து, காலடியில் வைத்தாள். பஸ் இரண்டாம் தரமும் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

சென்னியப்பனுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் குரு மேல் கொஞ்சம் மனத்தாங்கலும் வந்தது.

"ஏம்மா, இத்தனை மழைக்கு நான் அல்லாடிட்டேன். முன்னாடியே நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லீங்களா?"

வடிவாம்பாள் ரப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொன்னாங்களே," என்றார்.