காளான்கள் வாய் மூடியது ஏன்

காளான்களுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மழை விட்ட காலையில் யாரும் பயந்து பயந்து காளான் பறித்ததில்லை. கொல்லையில் முளைத்திருப்பதன் முன்னால் குனிந்து, "சோத்துக்கா, மண்ணுக்கா?" என்று கேட்டால் போதும். தின்னத் தகுந்தது "சோத்துக்கு" என்று சொல்லும். ஆகாதது "மண்ணுக்கு" என்று சொல்லும். பொய் சொல்லக் கூடாது என்று காளான்களுக்கு யாரும் விதி போட்டிருக்கவில்லை. அதுவரை எந்தக் காளானுக்கும் அது தோன்றவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொன்றும் தன்னைப் பற்றி மட்டும் சொல்லும். பக்கத்தில் நிற்பதைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்காது.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நாச்சிமுத்து, செங்கோடன் என்று அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். அப்பன் போன பிறகு வீட்டை இரண்டாக்கி, பின்கொல்லையின் நடுவே கிளுவை வேலி நட்டுப் பிரித்துக்கொண்டார்கள். குப்பைமேடு அண்ணன் பக்கம் வந்தது. கறையான் புற்று தம்பி பக்கம் போயிற்று. அப்படிக் கேட்டு வாங்கியவள் அண்ணன் மனைவி பாவாயிதான். எரு இருந்தால் செடிகொடி நன்றாக வரும். புற்று இருந்தால் பாம்புதானே வரும்? அதனால் புற்றைத் தம்பி மனைவி மயிலாத்தாள் பக்கம் தள்ளிவிட்டாள்.

அந்த வருசம் முதல் மழை பெய்து, இடி இடித்து ஓய்ந்த மறுநாள் காலையில், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பாவாயிக்குச் சத்தம் கேட்டது.

"சோத்துக்கா, மண்ணுக்கா?"

"சோத்துக்கு."

"நீ?"

"சோத்துக்கு."

புற்றைச் சுற்றிக் கூர்மூக்கும் வெள்ளை உடம்புமாகக் காளான்கள் முளைத்திருந்தன. மயிலாத்தாள் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பறித்தாள். பாவாயி மாட்டுச் சாணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பதினேழு முறை அந்தச் சொல் வந்தது. பதினேழையும் அவள் எண்ணினாள்.

மத்தியானம் மயிலாத்தாள் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து வேலிமேல் நீட்டினாள். "அக்கா, மொதக் காளானுங்க. பெரிய மாமாவுக்கு ஊத்துங்க."

நாச்சிமுத்து அந்தக் குழம்பை ஊற்றி மூன்று தடவை சோறு வாங்கினான். பாவாயி காலையிலிருந்து அடுப்படியில் நின்று வதக்கிய பாகற்காய் தட்டின் ஓரத்தில் தொடாமல் கிடந்தது. "இந்தப் புள்ள கைக்கு என்ன ருசி பாரு" என்றான் அவன், விரலைச் சூப்பியபடி. பாவாயி தட்டை எடுத்துப்போனாள். கிண்ணத்தைக் கழுவி, திருப்பிக் கொடுக்கும்போது சிரிக்கக்கூடச் செய்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் கிண்ணம் வந்தது. மயிலாத்தாள் கொடுக்காமல் இருந்திருந்தால் 'கஞ்சப் புத்தி' என்று சொல்லிப் பாவாயி மனதை ஆற்றிக்கொண்டிருப்பாள். கொடுத்துக்கொண்டே இருந்தாளே, அதுதான் தாங்கவில்லை. தங்களுக்கு நல்லதாக எடுத்துவைத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புகிறாள் என்று நினைத்துப் பார்த்தாள். குழம்பில் மிதந்த துண்டுகள் எல்லாம் பெரிது பெரிதாக இருந்தன. அந்த நினைப்பும் நிற்கவில்லை.

பாவாயியின் குப்பைமேட்டிலும் காளான் முளைக்கத்தான் செய்தது. புற்றுக் காளானைவிடப் பெரிது. விரித்த குடைபோல வெள்ளைவெளேரென்று, கழுத்தில் வளையம் மாட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு மழைக்கும் பாவாயி போய்க் கேட்பாள். ஒவ்வொரு மழைக்கும் அது "மண்ணுக்கு" என்றுதான் சொல்லும்.

ஆடி மாதம் ஒரு நாள் கேட்டாள். "மண்ணுக்கு" என்றது. அவள் காலால் அதை எட்டி உதைத்தாள்.

"என்னை ஏன் உதைக்கிற?" என்றது சாய்ந்துபோன காளான். "எனக்கு மட்டும் ஆசையா, இப்பிடிச் சொல்லிக்கிட்டு நிக்கோணும்னு?"

பாவாயி நின்றாள்.

"அந்தப் புத்துல நிக்கறதைப் பாரு" என்றது காளான். "என் தோளுக்கு வராது. என்னளவு வெள்ளையும் இல்ல. ஆனா மழை விட்டா எல்லாரும் அதுகிட்டத்தான் குனியறாங்க. நோகாம வேரோட எடுக்கறாங்க, முந்தானையில போட்டுக்கறாங்க. எம்மேல ஒரு விரல் பட்டதில்ல. இன்னைக்கு உன் கால் பட்டிச்சு."

தன் வயிற்றுக்குள் இத்தனை நாள் கிடந்ததை வேறொரு வாய் பேசுவதைப் பாவாயி கேட்டாள். எரு நெடியையும் பொருட்படுத்தாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ ஒரு நாளைக்கு மாத்திச் சொல்லேன்" என்றாள்.

"எதை?"

"சோத்துக்குன்னு."

காளான், "அதுக்கு அப்புறம்?" என்று கேட்டது.

"அவ உன்னைப் பறிப்பா. முந்தானையில போடுவா. குழம்பு வைப்பா. கொஞ்சம் கசக்குமில்ல? யாராச்சும் ரெண்டு பேரு வாந்தி எடுப்பாங்களா? போதும். அப்புறம் அவ கைக்கு ருசின்னு ஒருத்தரும் பேச மாட்டாங்க."

"நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது" என்றது காளான். "இதுவரைக்கும் என்னை யாரும் தின்னதில்லையே. மண்ணுக்குன்னு சொல்லணும்னு மட்டுந்தான் தெரியும்."

அந்தப் பேச்சில் பாவாயி அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

மறுநாள் விடிகாலை மழை தூறிக்கொண்டிருந்தது. முந்தின நாள் பேச்சைக் கேட்டபடி குப்பைமேட்டில் குடை விரியாமல் மொட்டாக இருந்த ஐந்து காளான்களை மண்ணோடு அள்ளினாள். வேலியின் சந்தில் நுழைந்து போய், புற்றுக் காளான்களுக்கு நடுவே குழி பறித்து நட்டாள். அந்தத் தடவை புற்றில் முளைத்திருந்தது நாலே நாலுதான். அவை நடந்ததையெல்லாம் பார்த்தன. பேசவில்லை.

வெயில் வந்ததும் மயிலாத்தாள் கூடையோடு வந்தாள்.

"சோத்துக்கா, மண்ணுக்கா?"

"சோத்துக்கு" என்றன நாலும்.

"நீங்க?"

ஐந்தும் ஒன்றையொன்று பார்த்தன. மயிலாத்தாளின் கை காத்திருந்தது. சாணி வாடை இல்லாத சுத்தமான கை. அதைப் பார்த்தே முதல் காளான் சொல்லிவிட்டது. "சோத்துக்கு."

மற்ற நாலும் அதையே சொன்னன. "இந்தத் தடவை குண்டு குண்டா மொளைச்சிருக்கீங்களே!" என்று மயிலாத்தாள் சிரித்துக்கொண்டே பறித்தாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட பாவாயி குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டாள். குழம்பு கொதிக்கும் வாசனை வரும்போது வீட்டில் இருக்க அவளால் முடியவில்லை. கிணற்றடியில் குடத்தை நிரப்பினாள், கொட்டினாள், மறுபடி நிரப்பினாள். கிண்ணம் வந்தால் வேலிமேல்தான் இருக்கும், போய்க் கீழே கொட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். யாராவது ஓடிவந்து, 'மயிலாத்தா வீட்டுல எல்லாரும் வாந்தி எடுக்கறாங்க' என்று சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

அன்றைக்குக் காளான் கொஞ்சம்தான் என்பதால் மயிலாத்தாள் துண்டுகள் முழுவதையும் அரித்துக் கிண்ணத்தில் போட்டிருந்தாள். தன் வீட்டுக்கு வெறும் சாறுதான், அதையும் செங்கோடன் வந்த பிறகுதான் தொடுவார்கள். எப்போதும் அவள் அப்படித்தான் செய்துவந்தாள். வேலியருகே வந்தபோது நாச்சிமுத்து உழவு முடிந்து பசியோடு வந்து நின்றான்.

"அக்கா இல்லைங்களா, மாமா?"

"தண்ணிக்குப் போயிருப்பா. கொண்டா அம்மிணி, நானே ஊத்திக்கறேன்."

பாவாயி குடத்தோடு திரும்பியபோது அவன் வாசலில் குப்புறக் கிடந்தான். பக்கத்தில் கிண்ணம் காலியாக உருண்டு கிடந்தது. வாந்தி நிற்கவில்லை. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் கண் உள்ளே போய், கை கால் சில்லிட்டுவிட்டது.

அவனை உள்ளே கிடத்தி, ஊர் வைத்தியக்காரி ராக்கியாத்தாளைக் கூட்டிவந்தார்கள். அவள் நாடியைப் பார்த்துவிட்டு, "என்ன தின்னான்?" என்று கேட்டாள்.

"புத்துக் காளான்தானுங்க" என்று மயிலாத்தாள் அழுதாள். "ஒம்பதையும் கேட்டேனுங்க. ஒம்பதும் சோத்துக்குன்னு சொல்லிச்சுங்க."

"புத்துக் காளான் இப்படிப் பண்ணாது. வேற என்னமோ கலந்திருக்கு. அது எதுன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு வழி தெரியும். ஈரலை அரிக்கற காளான்னா ஒரு வைத்தியம், குடலைப் பெரட்டறதுன்னா வேற வைத்தியம். தெரியாம மருந்து கொடுத்தா நானே கொன்ன மாதிரி ஆயிரும்."

செங்கோடன் மனைவியின் பக்கம் திரும்பினான். "எங்கண்ணனுக்கு என்னத்தைடி போட்ட? சொத்துல புத்துப் பக்கம் நமக்கு வந்துச்சுன்னு வஞ்சமா? எந்திரி. உங்கப்பன் ஊட்டுக்கு நட."

மயிலாத்தாள் எழுந்தாள். கூடியிருந்தவர்களில் ஒருத்தி அவளுக்கு வழிவிட்டு, புடவை படாமல் ஒதுங்கிக்கொண்டாள். பாவாயி இத்தனை மழையாக ஆசைப்பட்டது அதுதான். இனி அந்தக் கையால் யாரும் ஒரு வாய் வாங்கமாட்டார்கள். பாவாயி வாய் திறக்காமல் இருந்தாலே போதும். புருசன் மட்டும் போய்விடுவான்.

மயிலாத்தாள் வாசலைத் தாண்டும்போது பாவாயி போய் அவள் கையைப் பிடித்தாள்.

"இவ போடல. நான் நட்டேன்" என்றாள். "குப்பைமேட்டுக் காளானை நான்தான் கொண்டுபோய்ப் புத்துல நட்டேன்."

செங்கோடன் கையை ஓங்கினான். "அடிக்கறதை அப்புறம் அடி" என்று ராக்கியாத்தாள் அதட்டினாள். "எங்க அந்தக் காளான்? கொண்டா."

பாவாயி ஓடிப்போய், முந்தின நாள் உதைத்ததைப் பிடுங்கிவந்து நடு வாசலில் வைத்தாள். ராக்கியாத்தாள் அதைப் பார்த்துக் கேட்டாள். "சோத்துக்கா, மண்ணுக்கா?"

காளான் உள்ளே கிடந்த மனிதனைப் பார்த்தது. "மண்ணுக்கு" என்றது. "என் கூட்டம் பொய் சொல்லிட்டுதுங்க. ஒரு தடவை கையில ஏறிப் பார்க்கணும்னு ஆசைப்பட்டோம்." சொல்லி முடிப்பதற்குள் அதன் குடைக்கு அடியில் இருந்த வெள்ளை மடிப்புகள் மெல்ல மெல்லப் பச்சையாயின. வெட்கம் அதற்கு அப்படி வந்தது.

"ஆடு இதைத் தின்னு பார்த்திருக்கேன், குடலைப் பெரட்டறது" என்றாள் ராக்கியாத்தாள். "பொழைப்பான். விடாம உப்புக் கஞ்சித்தண்ணி ஊத்துங்க."

பாவாயியும் மயிலாத்தாளும் மாறி மாறி ஊற்றினார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. மூன்றாம் நாள் நாச்சிமுத்து எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான்.

அன்று காலை மயிலாத்தாள் புற்றிடம் போனாள். "நீங்க பக்கத்துலதான நின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள்.

புதிதாக முளைத்திருந்த காளான் ஒன்று தலை குனிந்து சொன்னது. "அடுத்தவங்களைப் பத்திப் பேசறது எங்களுக்கு வழக்கமில்லைன்னு இருந்துட்டோம். தப்புதான். இனி நாங்க சோத்துக்குன்னு சொன்னாலும் உன் மனசு நம்பாது. நம்பாத பேச்சை எதுக்குப் பேசிக்கிட்டு?" அதுதான் காளான் பேசிய கடைசிப் பேச்சு.

ஒரு வருசம் வேலியின் இரு பக்கமும் சத்தமில்லை. கிண்ணமும் வரவில்லை. அடுத்த முதல் மழைக்கு மயிலாத்தாளின் கொல்லையில் வெள்ளையாகப் பத்துப் பன்னிரண்டு முளைத்தன. அவள் குனிந்து கேட்டாள். ஒன்றும் பேசவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டாள். பறிக்கவும் பயம், விடவும் மனசில்லை. வெகுநேரம் நின்றாள்.

பிறகு வேலியைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். அந்த வெள்ளைக் காளானைக் கையால் அள்ளி, மண்ணோடு நட்டுப் பழகியவள் ஊரிலேயே பாவாயி ஒருத்திதான்.

பாவாயி வந்தாள். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. புற்றைச் சுற்றி அத்தனை வெள்ளையைக் கண்டதும் நெஞ்சில் சுருக்கென்றது. இருந்தாலும் உட்கார்ந்து ஒவ்வொன்றின் காலையும் தடவினாள். புற்றுக்குள் ஆழமாக வேர் போனதைத் தனியாக வைத்தாள். கழுத்தில் வளையம் இருந்ததைக் கவிழ்த்துக் காட்டினாள். முற்றியதன் அடிப்பக்கம் பச்சையாக இருந்தது. சின்னதன் அடிப்பக்கம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

"இதுக்கு வெக்கம் தாமசமாத்தான் வரும்" என்றாள் பாவாயி. "பச்சை இல்லைன்னு நம்பிராத, மயிலா."

கடைசியில் ஒன்று மிஞ்சியது. இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். இன்னதென்று இருவருக்கும் தெரியவில்லை. மயிலாத்தாள் அதை எடுத்துக் குப்பைமேட்டில் எறிந்தாள்.

அன்று தொடங்கியதுதான், கொல்லையில் காளானைக் கண்டவர்கள் அதைக் கவிழ்த்துப் பார்ப்பதும், விவரம் தெரிந்த ஒருவரை வேலிக்கு மேலே கூப்பிட்டுக் காட்டுவதும், அவருக்கும் சந்தேகம் என்றால் எத்தனை ஆசையாக இருந்தாலும் தூக்கி எறிந்துவிட்டுக் கையைக் கழுவுவதும்.