எட்டுப்படி வில்

ரொம்ப ரொம்ப முன்னாடி, மூங்கில்கூட வாய்விட்டுப் பேசிய காலத்தில், கூவைமலை என்று ஒரு மலைநாடு இருந்தது.

அந்த நாட்டில் புது வில் வேண்டுமென்றால் யாரும் ஆசாரியைத் தேடிப் போகமாட்டார்கள். மலை நடுவில் ஒரு மூங்கில் புதர் நின்றது. மூங்கிலாத்தா என்று அதற்குப் பேர். ஊரைக் கூட்டிக்கொண்டு போய் அதன் முன்னால் நிற்க வேண்டும். "எத்தனை படி?" என்று அது கேட்கும். வில்லைக் கிளையில் தொங்கவிட்டு நாணில் மணல்பை கட்டினால், எத்தனை படி மணலுக்கு நாண் ஓர் அம்பு நீளம் இறங்குகிறதோ, அதுதான் அந்த வில்லின் கனம். எட்டுப்படி கேட்டால் எட்டுப்படி வில் வரும். எண்பது கேட்டால் எண்பது வரும். ஆனால் ஓர் ஆளுக்கு ஆயுசில் ஒரே ஒரு வில். குறைத்தும் தராது, கூட்டியும் தராது, அழுதாலும் தராது.

இதில்தான் கூத்தே. ஊர் முழுக்க நின்று கேட்கும்போது எவன் சின்னதாகச் சொல்வான்? ஒருத்தன் பதினெட்டுப் படி என்றால் அவன் மச்சான் இருபது என்பான். மச்சானை முறைத்துக்கொண்டு இன்னொருத்தன் இருபத்திரண்டு என்பான். கூட்டம் கைதட்டும். வீட்டுக்கு வந்து இழுத்துப் பார்த்தால் வில் அசையாது. அப்புறம் அது கூரையில் தொங்கும். மழைக்காலத்தில் அதில் வேட்டி காயும். வேட்டைக்குப் போகும்போது அப்பன் வைத்துவிட்டுப் போன பழைய வில்லைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். இதை ஒருத்தரும் வெளியே சொல்லமாட்டார்கள்.

அந்த மலையில் இருளாயி என்று ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு எல்லாமே அவள் அண்ணன் சிலம்பன்தான். நல்ல வேட்டைக்காரன். ஒருநாள் புகையாண்டி என்ற மந்திரவாதி ஒரு சினைப்பன்றியைத் துரத்திக்கொண்டு வந்தான். சிலம்பன் குறுக்கே நின்றான்.

"சினை. விட்டுடு. எங்க மலையில சினையை அடிக்கிற வழக்கம் இல்ல."

"உனக்குப் பன்றிமேல அவ்வளவு பாசமா? அப்ப நீயே பன்றியா இரு" என்றான் புகையாண்டி.

அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே சிலம்பன் காட்டுப்பன்றியானான். சாதாரணப் பன்றி இல்லை, உடம்பு முழுக்க இரண்டு விரல் கனத்துக்கு மரப்பட்டை மூடிய பன்றி. பசியில் அது தினைப்புனங்களைக் கிளறியது. மலையரசர் ஆள் விட்டுச் சொன்னார்: அறுப்புக்குள் அந்தப் பன்றி போகவில்லையென்றால் காட்டுக்குத் தீ வைத்துக் கொல்லப்படும்.

இருளாயி நேராகப் புகையாண்டியிடமே போனாள். அவன் உடம்பு பாதி சதை, பாதி புகை. அடித்தாலும் கை உள்ளே போய் வெளியே வரும்.

"எங்கண்ணனைத் திருப்பிக் கொடு."

"நீயே எடுத்துக்க. ஓர் உயிரையும் தொடாத புது வில் வேணும். அதுலேர்ந்து வர்ற முதல் அம்பு பட்டையைத் துளைச்சு, ஒரு சொட்டு ரத்தம் மண்ணுல விழணும். விழுந்தா மந்திரம் போச்சு. துளைக்கலைன்னா பட்டை மரம் மாதிரி இறுகிடும், அப்புறம் யாராலும் முடியாது. ஆழமா இறங்கிட்டா..." புகையாண்டி தோளைக் குலுக்கினான். "உன் கையாலேயே உன் அண்ணன் போயிடுவான். பெரிய வில்லாக் கேளு புள்ள. ஊர் பார்க்கும்ல."

வேறு யாராவது என்றால் அன்று சாயங்காலமே மூங்கிலாத்தாவிடம் ஓடியிருப்பார்கள். இருளாயி ஓடவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே அவளைக் கும்பிடலாம். அழுதாள், மூக்கைச் சிந்தினாள், ஆற்றங்கரைக்குப் போய் மணல் அள்ளினாள்.

கயிற்றைக் கிளைமேல் போட்டு, ஒரு முனையில் மணல்பையைக் கட்டி, மறுமுனையைப் பிடித்து நாண் இழுப்பதுபோலக் காதுவரை இழுத்தாள். பத்துப்படி. பை ஏறியது. ஆனால் ஏற்றுவதற்குள் இடுப்பு வளைந்தது, கை வானத்தைப் பார்த்தது. காட்டில் இப்படி ஆடினால் பன்றி ஓடிவிடும். ஒரு படி மணலைக் கொட்டினாள். ஒன்பது படி. இப்போது ஆடாமல் ஏறியது.

அந்தப் பக்கம் வந்த கொம்பையா சிரித்தார். இருபத்தைந்துபடி வில் வாங்கியவர். ஊரில் அதுதான் பெரிசு.

"என்ன புள்ள, மணலுக்கு ஊஞ்சல் கட்டி ஆட்டுறியா?"

"வில்லு பார்க்கிறேன் மாமா."

"வில்லைக் கேட்டு வாங்கணும் தாயி. பார்க்கிறதுக்கு அதென்ன மாப்பிள்ளையா?"

"ஏன் மாமா, உங்க வில்லைக் காதுவரைக்கும் இழுத்திருக்கீங்களா?"

கொம்பையா சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. பாறையில் உட்கார்ந்தார்.

"ஒரே தடவை. ரெண்டு பேர் என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. வேகமாப் போகட்டும்னு நாணல் அம்பு வெச்சேன், இறகு மாதிரி. விட்டேன். அம்பு எங்க போச்சுன்னே தெரியல. வில்லு படார்னு நடுவுல பிளந்துடுச்சு. கொடியால கட்டி மாட்டி வெச்சிருக்கேன். உங்க அத்தைக்குக்கூடத் தெரியாது."

இருளாயி சிரிக்கவில்லை. "அவ்வளவு பெரிய வில்லுக்கு அவ்வளவு லேசான அம்பு. தள்ளுறதுக்கு எதிர்ல ஒன்னும் இல்லாம வில்லு தன்னையே அடிச்சுக்கிச்சு" என்றாள். "நல்லவேளை மாமா, கண்ணு தப்பிச்சுது."

அன்றிலிருந்து கொம்பையா அவள் பக்கம். ஊரே சிரித்தாலும் அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் விடியுமுன் இருளாயி ஓடையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். பனி கொட்டியது. விரல் விறைக்கும்வரை அசையாமல் இருந்தாள். ஏனென்றால் வேட்டை அப்படித்தான் நடக்கும். சாப்பிட்டுவிட்டு வெயிலில் நின்று இழுக்கிற கை வேறு. பனியில் மண்டிபோட்டுக் காத்துக் கிடந்த கை வேறு. எழுந்திருக்காமல் அப்படியே, மேலே கிளையில் போட்டிருந்த கயிற்றை இழுத்தாள். ஒன்பது படி பாதியில் நின்றுவிட்டது.

ஒரு படியைக் கொட்டினாள். எட்டு. மெதுவாக, ஆடாமல், காதுவரை வந்தது. பிடித்துக்கொண்டே இருந்தாள். தவளை கத்தி ஓய்ந்தது, மறுபடி கத்தியது. பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"எட்டு" என்றாள்.

கனம் முடிந்தது. அம்பு பாக்கி. எட்டுப்படி வில் ஒன்று வேண்டுமே பழகிப் பார்க்க. மணல்பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பழைய வில்களின் நாணில் தொங்கவிட்டுப் பார்த்தாள். கடைசியில் பை சரியாக ஓர் அம்பு நீளம் இறங்கிய வில் யாருடையது தெரியுமா? தினைப்புனத்தில் கிளி விரட்டும் செவத்தாளுடையது.

"கிளி வில்லை வெச்சுப் பன்றி அடிக்கப் போறா" என்று ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இருளாயி வில்லை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

அப்புறம் ஒரு பலாப்பழத்தை எடுத்தாள். அதைச் சுற்றி இரண்டு விரல் கனத்துக்குக் கருவேலம்பட்டை வைத்துக் கட்டினாள். பட்டை துளைபட்டுப் பழத்திலிருந்து பால் கசிய வேண்டும். உள்ளே இருக்கும் கொட்டையில் கீறல் விழக்கூடாது. பால்தான் ரத்தம். கொட்டைதான் அண்ணன் உயிர்.

முதலில் நாணல் அம்பு. கொட்டாங்கச்சித் தராசில் வைத்தால் நாலு குன்றிமணிக்கே எதிர்த்தட்டு இறங்கிவிடும்போல அவ்வளவு லேசு. விட்டாள். 'விர்'ரென்று கத்திக்கொண்டு போய்ப் பட்டையில் பட்டு எகிறியது. பால் வரவில்லை.

இரண்டாவது, இரும்பு முனை போட்ட கருங்காலி அம்பு. இரண்டு கை குன்றிமணி கனம். சத்தமே இல்லாமல் போனது, ஆனால் போகப்போகத் தாழ்ந்து பழத்துக்குக் கீழே மண்ணில் குத்தியது. கிட்டே போய் விட்டாள். பட்டையைத் துளைத்தது, சுளையைத் துளைத்தது, கொட்டையைப் பிளந்தது.

பிளந்த கொட்டையை இருளாயி எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டாள். கொம்பையா அந்தப் பழத்தைச் சாப்பிடலாமா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்தார்.

மூன்றாவது, மூங்கில் அம்பு. இன்னொரு பழத்துக்கும் அதேபோலப் பட்டை கட்டினாள். நுனியில் சின்ன இரும்பு. செதுக்கினாள், நிறுத்தாள். மறுபடி செதுக்கினாள், மறுபடி நிறுத்தாள். ஒரு கை குன்றிமணிக்குத் தராசு நேராக நின்றது. இருபது அடி தூரத்திலிருந்து விட்டாள். பட்டையில் 'தொக்' என்று ஒரு சத்தம். கிட்டே போய்ப் பட்டையை அவிழ்த்தாள். முள்தோலில் ஒரே ஒரு துளை. அதிலிருந்து பால் ஒரு சொட்டு உருண்டு வந்தது. பழத்தை அறுத்தாள். கொட்டை முழுசாக இருந்தது.

"இப்ப சாப்பிடுங்க மாமா" என்றாள்.

ஊர் கூடியது. மூங்கிலாத்தா முன்னால் இருளாயி நின்றாள்.

"எத்தனை படி?" என்றது மூங்கில்.

"எட்டு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "கூட்டிக் கேளு" என்று ஒருத்தன். "மானம் போகுது" என்று இன்னொருத்தன்.

"எத்தனை படி?" என்று மூங்கில் மறுபடி கேட்டது. "முப்பது கேட்டாலும் தருவேன். யானையே விழும்."

"எட்டு ஆத்தா."

"எத்தனை படி? இதுதான் கடைசி."

எங்கேயோ கூட்டத்துக்குப் பின்னால் புகை வாசனை வந்தது. இருளாயி திரும்பிப் பார்க்கவில்லை. "என் கைக்கு எட்டுப்படி. ஊர் வாய்க்கு எத்தனை படின்னு எனக்குத் தெரியாது."

மூங்கில் புதர் சலசலத்தது. அது சிரித்த மாதிரி இருந்தது என்று கொம்பையா பிற்பாடு சொன்னார். புது வில் வந்து அவள் கையில் விழுந்தது.

விடியற்காலை. காற்று எதிரே வர, இருளாயி ஒரு பாறை மறைவில் மண்டிபோட்டிருந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் கொம்பையா பறையடித்துப் பன்றியைக் கிளப்பினார். புதர் விலகியது. பட்டை மூடிய பன்றி வந்து நின்றது, அதே இருபது அடி தூரத்தில், பக்கவாட்டில். இருளாயி நாணைக் காதுவரை இழுத்தாள்.

அந்த நேரம் பன்றிக்கும் அவளுக்கும் நடுவில் புகை சுழன்று புகையாண்டி நின்றான். ஒரு கையைப் பன்றியின் முதுகில் வைத்து அதை நகரவிடாமல் பிடித்துக்கொண்டான். அவனை அடித்தால் அம்பு அந்தப் புகைக்குள் வழி தவறி வீணாகும். ஒரே அம்பு. அவனுக்கு அவசரமே இல்லை. எந்த வேட்டைக்காரனும் இழுத்த வில்லை எவ்வளவு நேரம் பிடிப்பான்? கை நடுங்கும், நாண் நழுவும், கதை முடியும். இதுதான் அவன் கணக்கு.

"என்ன புள்ள, இது வேட்டை வில்லா, பஞ்சு அடிக்கிற வில்லா?"

இருளாயி நாணைக் காதோடு ஒட்டியே வைத்திருந்தாள்.

"கை வலிக்குதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"நீ பேசு. எனக்கு ஒன்னும் அவசரம் இல்ல."

புகையாண்டி பேசினான். தன் மந்திரத்தைப் பற்றிப் பேசினான், தன் குருவைப் பற்றிப் பேசினான், முன்பு தோற்றுப்போன வீரர்களைப் பற்றியெல்லாம் பேசினான். அவள் கை அசையவில்லை. அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நிஜமாவே இழுத்துத்தான் வெச்சிருக்கியா?" என்று ஓர் அடி ஒதுங்கி எட்டிப் பார்த்தான்.

அந்த ஓர் அடி போதும். நாண் 'தும்' என்றது. பறவைகூடத் திரும்பிப் பார்க்காத சத்தம். பன்றியின் தோளில் 'தொக்' என்றது. எல்லாம் நின்றுபோன மாதிரி இருந்தது. பட்டை ஓரத்தில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. அது பெரிதாகி, உருண்டு, மண்ணில் விழுந்தது.

பட்டை வெடித்தது. துண்டு துண்டாகச் சிதறிப் பறந்துபோய்ப் புகையாண்டிமேல் ஒட்டிக்கொண்டது. காலில் வேர் இறங்கியது, தலையில் இலை வந்தது. மரமாகி நின்றான். காற்றடித்தால் இன்றைக்கும் அந்த மரம் என்னவோ பேசும். யாரும் நின்று கேட்பதில்லை.

பன்றி நின்ற இடத்தில் சிலம்பன் உட்கார்ந்திருந்தான், தோளில் முள் கீறின அளவு காயத்தோடு. தங்கையைப் பார்த்தான். வாயிலிருந்த கிழங்கைத் துப்பினான்.

"இவ்வளவு நாளா வேகாத கிழங்கு. சோறு இருக்கா புள்ள?"

இருளாயி அப்போதுதான் வில்லைக் கீழே வைத்தாள். விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.

மலையரசர் காட்டுக்குத் தீ வைக்க வந்த தீவட்டிக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, கூவைமலைக் காவலையே இருளாயியிடம் ஒப்படைத்தார். சினைக்குக் குறுக்கே நின்ற சிலம்பனுக்கு அவன் கிளறிப்போட்ட புனங்களைத் திரும்ப விதைக்கப் புது விதைத்தினை கொடுத்தார். ஊர்க்காரர்களும் மாறினார்கள். மூங்கிலாத்தாவிடம் போகுமுன் எல்லோரும் ஆற்றங்கரையில் மணல்பையோடு நின்றார்கள். வெளியே சொல்லத்தான் இன்னமும் கொஞ்சம் வெட்கம்.

சோறு தின்று கை கழுவியதும் சிலம்பன் அந்த வில்லை எடுத்தான். ஒரே இழுப்பில் காதுவரை வந்துவிட்டது.

"லேசா இருக்கே. இன்னும் ரெண்டு படி கூட்டிக் கேட்டிருக்கலாம்ல?"

"அந்த ரெண்டு படி உன் ஈரல்ல இறங்கியிருக்கும். வில்லைக் கொடு."

சிலம்பன் நாணை மெதுவாகத் தளர்த்தி, வில்லை இரண்டு கையாலும் ஏந்தித் தங்கையிடம் கொடுத்தான்.

அவர்கள் தினை தின்று தேன் குடித்து நெடுநாள் இருந்தார்கள். கதை மலையேறிப் போச்சு, நாம சோறு தின்னப் போவோம்.