அரை நாள் முறை

ஒரு ஊர்ல ஒரு கிணறு இருந்துச்சு. கிணறு ஒண்ணு, சொந்தக்காரங்க ரெண்டு பேர். அண்ணன் பொண்டாட்டி ரங்கம்மா, தம்பி பொண்டாட்டி பாவாத்தா. புருஷங்க போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் காட்டைப் பார்த்துக்கிட்டது இவங்கதான். ம் சொல்றியா? சரி.

விடிஞ்சதுல இருந்து உச்சி வரைக்கும் பாவாத்தா இறைக்கணும், உச்சிக்கு அப்புறம் ரங்கம்மா. அது மாமனார் வச்ச முறை. மாடு பூட்டி, இரும்புச் சால்ல "சளக், சளக்"னு இறைச்சா, அரை நாள்ல அரைக் கிணறுதான் வத்தும். மிச்சம் அடுத்தவளுக்கு. யாரும் தண்ணியை அளந்து பார்த்ததே இல்லை.

அப்புறம் ஊருக்குள்ள கம்பம் நட்டாங்க, கரண்ட்டு வந்துச்சு. பாவாத்தா மோட்டார் வச்சா. "டொர்ர்ர்"னு ஓடுச்சு, தண்ணி "குபுகுபு"ன்னு கொட்டுச்சு. அந்த ஆசையில, ராகி போட்ட காட்டுல கரும்பு நட்டா.

அதே அரை நாள்தான். ஆனா இப்போ உச்சிக்குள்ள கிணறு காலி. ரங்கம்மா மாடு பூட்டிச் சாலை இறக்கினா, "டங்"னு பாறையில இடிச்சுது.

அப்போ ரங்கம்மா வந்தா. "பாவாத்தா, எனக்கும் கொஞ்சம் விட்டு வையி. மஞ்சப் பயிரு வாடுது."

"விடறேனுங்கக்கா."

விடணும்னுதான் நினைச்சா. கரும்பைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தக் கை வரலை.

ரெண்டாந்தரம் வந்தா. "நாளைக்கு ஒரு நாள் நான் காலையில இறைச்சுக்கறேன்."

"மாமா வச்ச முறையை நாம மாத்தலாமுங்களா?"

"மாமா மோட்டாரைக் கண்டாரா?"

முறை தப்பலையேன்னு பாவாத்தா அதையே கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா.

ம்? முழிச்சுத்தான் இருக்கியா?

மூணாந்தரம் ரங்கம்மா மோட்டார் ரூம் வாசல்ல வந்து நின்னா. "அரை மணி முன்னாடி நிறுத்து, கண்ணு. அது போதும்."

பாவாத்தா காதுல நல்லா விழுந்துச்சு. விழுந்தும், "என்னங்கக்கா? சத்தத்துல ஒண்ணும் கேக்கலை"ன்னா.

ரங்கம்மா அவ முகத்தையே பார்த்தா. "ஒண்ணுமில்லை"ன்னு திரும்பிட்டா.

அப்புறம் மாட்டை வித்துட்டு, மகளைக் கூட்டிக்கிட்டு மில்லு இருக்கிற டவுனுக்குப் போயிட்டா. "ஊஊஊ"ன்னு சங்கு ஊதுனா உள்ள போகணும், மறுபடி ஊதுனா வெளிய வரணும். ஆத்தாளும் மகளும் அதுக்குப் பழகிட்டாங்க.

இங்க கரும்பு ஆள் உசரத்துக்கு வளர்ந்துச்சு. முழு நாளும் பாவாத்தா முறைதான். வந்து கேக்க ஆளில்லை. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தா, ராத்திரி தூக்கமே வரலை. ரங்கம்மாவைத் தேடி பஸ் ஏறிப் போனா.

"இனிமே கோல் விட்டு அளந்து, பாதி பாதி எடுத்துக்கலாம். வாங்கக்கா. அன்னிக்கு எனக்குக் காது கேட்டுச்சு."

"தெரியும்"னா ரங்கம்மா. "மக மில்லு வேலையில நின்னுட்டா, இனி மண்ணுல இறங்க மாட்டா. மாடும் இல்லை. நான் ஒருத்தி வந்து என்ன பண்ண? நீ சாப்பிடு, ரசம் ஆறுது."

பஸ் வரைக்கும் கூட வந்தா. "கரும்பு நல்லா வந்துச்சா?"ன்னு கேட்டா.

"வந்துச்சுங்கக்கா."

அன்னிக்கு ரங்கம்மா ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா, பாவாத்தா தூங்கியிருப்பா.

கதை இங்கயே நின்னு போச்சு, கண்ணு. உன்கிட்ட யாரும் தண்ணி கேட்டு வரலை. நீ தூங்கு.