நாரையேந்தலின் ஊமை மேளம்

அநியாயம் நடந்தது நாரையேந்தல் ஊர்க்காரர்களுக்கு. செய்தவர் ராஜா. மரியாதை செய்ய வந்தவர்களைப் பார்த்து, "என்னைக் கேலியா செய்கிறீர்கள்?" என்று கோபித்து, அவர்களுடைய ஏரிக்கரையை வெட்டச் சொன்னார். இது எந்த ஊர் நியாயம்? கதையைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

ஒரு காலத்தில், கடலும் மலையும் எட்டிப் பார்க்காத ஒரு செம்மண் சீமையைச் செம்புலராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் அங்கே மழை. அதைப் பிடித்துவைக்க ஊருக்கு ஊர் ஏரி. ஏரி நிறைந்தால் எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கும். அந்தக் காலத்து நாரையேந்தலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் இலையே தெரியாது. நாரையும் கூழைக்கடாவும் பாம்புத்தாராவும்தான் தெரியும். அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு எரு வேண்டாம்.

அதனால் அந்த ஊரில் ஒரு வழக்கம். குஞ்சுகள் பறக்கும்வரை சத்தம் கூடாது. மேளம் அதிர்ந்தால் தாய்ப்பறவை மிரண்டு எழும்பும். எழும்பினால் முட்டை காக்கைக்கு, குஞ்சு தண்ணீருக்கு. மாட்டுக் கழுத்து மணியைக்கூட அவிழ்த்துவிடுவார்கள். தை மாதத்தில் கல்யாணமா? தாலி கட்டும் நேரத்தில் தவில்காரர் குச்சியை ஓங்கி ஓங்கி வீசுவார், தோலில் படாது. நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பிக்கொள்வார். காற்று வெளியே வராது. ஊரே தலையாட்டி ரசிக்கும். ஊமை மேளம் என்று பேர்.

அப்படியொரு தை மாதத்தில் ராஜா அந்த வழியாக வந்தார். ஊர் திரண்டு கரைக்கு வந்தது. பூரண கும்பம், மாலை, ஊமை மேளம், ஒன்றிலும் குறையில்லை. தவில்காரர் வியர்க்க வியர்க்கக் காற்றை அடித்தார்.

ராஜாவின் முகம் சுருங்கியது. "என்ன இது?"

பக்கத்தில் வீரகம்பீரர் நின்றார். அரசவையில் அவர் குரல்தான் பெரிய குரல். அந்த ஏரியை வற்றவைத்துத் தனக்கொரு தோப்பு போட வேண்டுமென்று அவருக்கு நெடுநாள் ஆசை. "தெரியவில்லையா பிரபு? உங்களுக்கு மேளம் ஒரு கேடா என்கிறார்கள்!" என்றார். அந்தக் குரலுக்கே நாலு நாரை எழும்பின.

ஊர்த்தலைவி வெள்ளத்தாயி முன்னால் வந்தாள். "மகாராஜா, அதுக்குக் காரணம் இருக்கு..." என்று தணிந்த குரலில் தொடங்கினாள்.

"வாயில் என்ன கொழுக்கட்டையா? ராஜாவிடம் காரணம் சொல்ல நீ யார்?" என்று பாய்ந்தார் வீரகம்பீரர்.

இந்த இடம் வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலை மறிப்பது எந்த வகை விசாரணை? ராஜாவாவது "அவள் பேசட்டும்" என்றாரா? இல்லை. "கரையை வெட்டுங்கள். ஏரி வடிந்ததும் நிலம் வீரகம்பீரருக்கு!" என்றார்.

வெள்ளத்தாயி அழவில்லை. "உத்தரவு மகாராஜா. ஆனா ராஜாவுக்கு மேளம் கொட்டாத ஊருன்னு எங்களுக்குப் பழி வேண்டாம். உங்க அரண்மனை வாசலுக்கே வந்து சீமை அதிர முழங்குறோம். அதுக்கப்புறம் வெட்டிக்கலாம். நீங்களே 'போதும்'னு சொல்லிட்டா மட்டும் கரையை விட்டுடணும்."

"நானா போதும் என்பேன்? எப்போது வேண்டுமானாலும் வா!" ராஜாவுக்குத் தன் புகழ் என்றால் வெல்லக்கட்டி.

அப்போது ராஜாவின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ஊருலகத்துக்கே தெரிந்த சேதி. சில நாளில் பேத்தி பிறந்தாள். ராஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"என் தங்கை பிறந்தபோது அம்மா தன் சேலையைக் கிழித்து அரண்மனை மணியின் நாக்கில் சுற்றினாள். என் கால் சலங்கையைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் நுனிக்காலில்தான் நடந்தோம். அது ஒரு காலம்!" என்று ராஜா தன் சின்ன வயதைச் சொல்லிக் கண் கலங்கினார். அதே மணிக்கு அதே மாதிரி துணி சுற்றச் சொன்னார்.

மறுநாள் காலை வெள்ளத்தாயி வந்து நின்றாள். பின்னால் தவில், பறை, கொம்பு, தாரை. வாசலில் குச்சிகள் உயர்ந்தன.

மாடத்திலிருந்து அதைப் பார்த்த ராஜா செருப்பை உதறிவிட்டு ஓடிவந்தார். "உஸ்ஸ்! போதும், போதும்! பேத்தி இப்போதுதான் கண்ணயர்ந்தாள்!" கத்தியதும் கிசுகிசுப்பில்தான்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே மகாராஜா," என்று வெள்ளத்தாயியும் கிசுகிசுத்தாள். "மேளம் கொட்டாம போனா உங்களைக் கேலி செஞ்சதா ஆயிடாதா?"

அதற்குள் வீரகம்பீரர் வந்து சேர்ந்தார். "யாரங்கே! ராஜாவையே எதிர்த்துப் பேசுகிறாளா?" என்று கர்ஜித்தார். உள்ளே குழந்தை வீலென்று அலறியது. ராஜா தன் அங்கவஸ்திரத்தைச் சுருட்டி அவர் வாயில் திணித்தார்.

குஞ்சுகள் பறக்கும்வரை அந்த வாய்க்கட்டோடு வீரகம்பீரர் ஏரிக்கரையில் காக்கை விரட்டியதும், அந்த ஏரியில் எவரும் கைவைக்கக் கூடாதென்று ராஜா கல் நட்டதும் பிறகு நடந்தவை. எனக்குப் பிடித்தது அந்த வாசலில் நடந்ததுதான்.

உள்ளே அழுகை ஓய்ந்தது. ராஜா தவில்காரரைப் பார்த்துக் கெஞ்சினார்: "சரியப்பா, மரியாதையும் குறைய வேண்டாம், பிள்ளையும் எழ வேண்டாம். ஒன்று செய். கையை நன்றாக ஓங்கு. குச்சி மட்டும் தோலில் படாமல் அடி."

வெள்ளத்தாயி கும்பிட்டாள். அன்றைக்குக் கரையில் சொல்லவிடாத பதிலை இப்போது சொன்னாள்.

"அன்னைக்கும் அப்படித்தான் அடிச்சோம், மகாராஜா. எங்க ஏரியிலயும் அப்பத்தான் பிள்ளை பிறந்திருந்தது."