நான்கு விரல் காலடி

மூங்கில் காட்டிலிருந்து ஊருக்குப் போகும் களிமண் பாதை ஓரத்தில், பாசி என்றொரு தவளை இருந்தாள். முதல் மழை கொட்டிய அன்று பாதையின் நடுவே தண்ணீர் நிறைந்த சின்னக் குழி ஒன்றைக் கண்டாள். அதில் மீன் இல்லை, நண்டு இல்லை. “இதைவிடப் பத்திரமான இடம் ஏது!” என்று அங்கேயே முட்டையிட்டாள்.

நாலு நாள் அடைமழை. முட்டை பொரிந்து, கடுகு கடுகாகத் தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டின. பாசி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை விட்ட மாலை, ஆள்காட்டிப் பறவை நெட்டைக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தது. குழியை எட்டிப் பார்த்தது.

“அடி பைத்தியமே! இது குழியில்லை, காலடி! புத்தரின் சீடர்கள் தினமும் காலையில் பிச்சைக்குப் போகிறார்களே, அவர்களில் ஒருவர் மிதித்த தடம்! மழைக்காகத்தான் இத்தனை நாள் வராமல் இருந்தார்கள். நாளைக்கு வருவார்கள். எட்டுப் பேர், பதினாறு கால்!”

பாசி குழியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். “அக்கா, பிள்ளைகளைப் பாதையோரத்துப் பெரிய பள்ளத்துக்குக் கொண்டுபோய்விடவா?”

“எதில் அள்ளுவாய்? வாயிலா? அப்படியே கொண்டுபோனாலும் பள்ளத்து மீன்கள் விட்டுவைக்குமா?”

புல்லுக்குள் ஏதோ சரசரத்தது. கண்ணாடி விரியன்! பாசி பின்னால் ஒரு தாவு தாவினாள்.

“பயப்படாதே தங்கச்சி,” என்றது விரியன். “துறவிகளில் முன்னால் வருகிற கிழவரை நான் ஒரே போடு போட்டுவிடுகிறேன்! மற்றவர்கள் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள்.”

“அவர் செத்துப்போவாரே!”

“போகட்டுமே! எனக்குக் கூலிகூட வேண்டாம். உன் பிள்ளைகள் கொழுகொழுவென்று வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.”

பாசி இன்னும் ஓர் அடி பின்வாங்கினாள். துறவிகள் நடந்துபோகும்போது சொல்லிக்கொண்டே போகும் வார்த்தைகள் அவளுக்கு மனப்பாடம். அவற்றைத்தான் இப்போது முணுமுணுத்தாள். “துன்பம் இருக்கிறது. துன்பத்துக்குக் காரணம் இருக்கிறது. காரணம் நீங்கினால் துன்பம் நீங்கும். நீக்குவதற்கு வழி இருக்கிறது.”

“அதேதான் நானும் சொல்கிறேன்!” என்று சிரித்தது விரியன். “காரணம் அந்தக் கிழவர். நீக்கிவிடுவோம்!”

பாசி யோசித்தாள். நடுக்கத்தோடுதான் யோசித்தாள். “இல்லை அண்ணா. அவர் காரணமில்லை. இங்கே பிள்ளைகள் இருப்பது அவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் காரணம்.”

“தெரிய வைக்கிறாயா? போ, போய்த் தவளைப் பாஷையில் சொல்லு!” விரியன் கடுப்போடு புல்லுக்குள் போய்விட்டது.

“அது கிடக்கட்டும், நான் இருக்கிறேன்!” என்றது ஆள்காட்டி. “இறக்கை ஒடிந்ததுபோல நொண்டி நொண்டி வயலுக்குள் போவேன். பேராசைக்கார வேடர்கள் எத்தனை பேர் என் பின்னால் வந்து ஏமாந்திருக்கிறார்கள் தெரியுமா?”

விடிந்தது. துறவிகள் வரிசையாக வந்தார்கள். தரையைப் பார்த்தபடி மெல்ல நடந்தார்கள். ஆள்காட்டி வயலோரம் பொத்தென்று விழுந்து, “கீ! கீ!” என்று புரண்டது.

ஆனால் இவர்கள் வேடர்களா என்ன? “ஐயோ, பறவைக்கு அடிபட்டிருக்கிறது!” என்று இளம் துறவி கத்தினார். “நீங்கள் அந்தப் பக்கம் மடக்குங்கள்! நான் இந்தப் பக்கம் போகிறேன்!” குனிந்து நடந்தவர்கள் எல்லோரும் இப்போது பறவையையே பார்த்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு கால் குழிக்கு நாலு விரற்கடை தள்ளிச் சப்பென்று விழுந்தது. சேறு தெறித்தது. தலைப்பிரட்டைகள் ஒரு மூலையில் ஒடுங்கின.

“விட்டால் பிடித்து மருந்து கட்டிவிடுவார்கள் போலிருக்கிறதே!” என்று அலறிக்கொண்டு ஆள்காட்டி பறந்தே போய்விட்டது.

துறவிகள் திகைத்து நின்றார்கள். மறுபடி வரிசை சேர்ந்தது. முன்னால் அந்த வயதான துறவி. அவருடைய பார்வை மறுபடி தரைக்கு வந்தது.

‘தரையைப் பார்ப்பவர்கள் தரையில் இருப்பவளைப் பார்ப்பார்கள்!’ பாசி ஒரே தாவாகத் தாவிக் குழியின் விளிம்பில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு காலும் ‘ஓடு, ஓடு’ என்றது. அவள் ஓடவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள்.

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

“அடிகளே, தவளைதானே? தாண்டிப் போகலாம்,” என்றார் இளம் துறவி.

“இரு தம்பி. ஆளைக் கண்டால் குதித்து ஓடுகிற பிராணி இது. ஏன் ஓடவில்லை?”

அவர் குனிந்தார். கலங்கிய நீர் தெளிந்துகொண்டிருந்தது. உள்ளே குட்டிக் குட்டி வால்கள் துடித்தன. குழியின் நுனியில் நான்கு விரல்களின் தடம் மட்டும் இருந்தது. பெரியவர் சேறு படிந்த தன் இடது காலைப் பார்த்தார். அந்தக் காலில் சுண்டுவிரல் கிடையாது.

“என் காலடிதான்,” என்றார் மெதுவாக. “மழைக்காலத்தில் பறவைகூடக் கூட்டைவிட்டு அதிகம் நகர்வதில்லை. நாம் மட்டும் எத்தனை வீடுகளை மிதித்துக்கொண்டு நடக்கிறோமோ!”

அவர்கள் வந்த வழியே, ஒவ்வோர் அடியும் பார்த்துப் பார்த்துத் திரும்பினார்கள். மழைக்காலம் முடியும்வரை மூங்கில் காட்டிலேயே தங்கினார்கள். ஊர்க்காரர்கள் காட்டின் மறுபுறத்துப் பாறை வழியாகச் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். மழை பெய்யாத நாட்களில் பெரியவர் மட்டும் பாதையோரப் புல்லில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து வந்து, தன் பிச்சைப் பாத்திரத்தால் குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார்.

தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைத்தது. வால் தேய்ந்தது. ஒருநாள் காலையில் அவை ஒவ்வொன்றாகக் குதித்துப் புல்லுக்குள் மறைந்தன. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“போய்விட்டார்களே!” என்றாள் பாசி.

“பின்னே? காலடிக்குள்ளேயே குடித்தனம் நடத்துவார்களா?” என்றது ஆள்காட்டி.

பாசிக்குச் சிரிப்பு வந்தது. பயம் இன்னும் கொஞ்சம் இருந்தது. அதையும் வைத்துக்கொண்டே பாதையோரத்துப் பள்ளத்துக்குள் குதித்தாள்.

நடுங்கிக்கொண்டாவது துன்பத்தின் உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்து, யாருக்கும் தீங்கும் வஞ்சனையும் செய்யாமல் அதன் எதிரே நிற்பவருக்கு விடுதலைக்கு வழி கிடைக்கும்.