ஓய்வுநாள் தண்ணீர்

கலிலேயா மலைச்சரிவில் ஓர் ஊர். ஊருக்கு ஒரே ஊற்று. ஊற்றுக்கு ஒரே வாய்க்கால். சண்டை போட வேறென்ன வேண்டும்?

சண்டை வராமல் பார்த்துக்கொண்டவர் யாகீன். எந்தத் தோட்டத்துக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்து விடுவது அவர் பொறுப்பு. அதற்கு மண்வெட்டிகூட வேண்டாம். மடையை அடைத்திருக்கும் மண்ணைக் குதிகாலால் தள்ளினால் தண்ணீர் தோட்டத்துக்குள் போகும். மண்ணை இழுத்துப் போட்டு மிதித்தால் அடுத்த தோட்டத்துக்கு ஓடும். ஊர்ப் பிழைப்பே அந்தக் குதிகாலில்தான் இருந்தது.

யாகீனுக்கு ஐம்பது வயது. பருத்த உடம்பு. அவருடைய குரு ரபி மத்தனியாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. காற்று பலமாக அடித்தால் ரபியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். தன்னைவிட இளையவரிடம் பாடம் கேட்கிறோமே என்ற கூச்சம் யாகீனுக்குத் துளியும் இல்லை. அது அவரிடம் இருந்த நல்ல குணம். ஆனால் எதைக் கேட்டாலும் 'கூடுமா, கூடாதா' என்பதோடு அவர் பாடம் முடிந்துவிடும்.

"ஓய்வுநாளில் ஆட்டை அதட்டக் கூடுமா ரபி?"

"கூடும். ஆடு கேட்காது."

யாகீன் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்வார்.

வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கினால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். மறுநாள் நட்சத்திரம் தெரியும்வரை ஒரு கட்டி மண்ணைக்கூட யாரும் நகர்த்தக் கூடாது. ஆகவே, சூரியன் மறையும்போது யாருடைய மடை திறந்திருக்கிறதோ அவருக்கு ஓர் இரவும் ஒரு பகலும் தண்ணீர். ஓய்வுநாள் தண்ணீர் என்று அதற்குப் பெயர். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்திருந்தார்கள்.

கடைமடைத் தோட்டம் அத்தாராளுடையது. அந்த வருஷம் ஊற்று இளைத்துவிட்டது. வாரநாளில் அவளுக்கு விடுகிற கொஞ்சத் தண்ணீர் அவள் தோட்டத்துக்கு வந்து சேருமுன் வாய்க்கால் மண்ணே குடித்துவிடும். அவள் வெள்ளரி போட்டிருந்தாள். அதை விற்றுத்தான் அவளும் பிள்ளைகளும் மழைக்காலம்வரை சாப்பிட வேண்டும். கொடிகள் துவண்டு தரையோடு ஒட்டிக் கிடந்தன. ஓய்வுநாள் தண்ணீர் தன் முறைக்கு வரட்டும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அந்த வாரம் வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை யாகீன் ஒவ்வொரு மடையாக அடைத்துக்கொண்டே வந்தார். கடைசியாக அடைக்க வேண்டியது ஏபேர் கிழவரின் மடை. அதைத் தாண்டினால் அத்தாராளின் தோட்டம். சூரியன் மலைமேல் உட்கார்ந்திருந்தது. ஜெப ஆலயத்துக்கு வெள்ளை உடுத்தி முதல் ஆளாய்ப் போய் நிற்பவர் யாகீன். அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஏறி நின்று அழுத்தி மிதிக்க வேண்டிய மண்ணைப் பேருக்கு ஒரு மிதி மிதித்துவிட்டு ஓடினார்.

காலையில் அத்தாராள் அவர் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, என் தோட்டத்துக்குத் தண்ணீர் வரவில்லை."

யாகீன் போய்ப் பார்த்தார். மிதித்த மண் ராத்திரியில் கரைந்துபோயிருந்தது. அத்தனை தண்ணீரும் ஏபேரின் தோட்டத்துக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. ஏபேர் வெங்காயத்தைப் பிடுங்கிக் காயப் போட்டிருந்தார். அது மிதந்துகொண்டிருந்தது. ஏபேர் தடியை ஊன்றிக்கொண்டு, மிதக்கிற வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாரிக் கரையில் போடவும் முடியாது. அதுவும் வேலைதான்.

"வேண்டாதவனுக்கு வெள்ளம், வேண்டியவளுக்கு வறட்சி," என்றார் ஏபேர். "நன்றாகப் பார்க்கிறாய் யாகீன், தண்ணீர் முறை."

ஜெப ஆலயத்துக்குக் கிளம்பியவர்கள் ஒவ்வொருவராக வந்து வாய்க்கால் கரையில் நின்றார்கள். ஐயோ பாவம் என்றார்கள். யாரும் காலை நீட்டவில்லை.

"இன்று ராத்திரி என் முறையை நீட்டித் தருவீர்களா?" என்று அத்தாராள் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

எல்லோருக்கும் அவரவர் தோட்டம் நினைவுக்கு வந்தது.

யாகீனுக்கு அவமானத்தில் காது எரிந்தது. ரபியின் வீட்டுக்கு ஓடினார். ரபி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"ரபி, ஓய்வுநாளில் மண்ணை மிதித்து மடையை அடைக்கக் கூடுமா?"

"கூடாது."

"பாதி மிதி?"

"பாதியும் கூடாது."

யாகீன் நடந்ததைச் சொன்னார். தான் ஓடியதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னார்.

"யார் முறை?" என்று கேட்டார் ரபி.

"அத்தாராள் முறை."

ரபி நடந்தார். ஜெப ஆலயத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. நேரே வாய்க்காலுக்கு வந்தார். உடைந்த மடையைப் பார்த்தார். மிதந்த வெங்காயத்தைப் பார்த்தார். அங்கியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, உடைப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் அவர் முதுகில் முட்டியது. கொஞ்சம் யோசித்தது. பிறகு கீழ்ப்பக்கம் திரும்பியது.

"ரபி, என்ன செய்கிறீர்கள்?" என்றார் யாகீன்.

"உட்கார்ந்திருக்கிறேன்."

"ஓய்வுநாள் ரபி!"

"அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன்."

"இங்கேயா?"

"எங்கே உட்கார வேண்டும் என்று கட்டளையில் இருக்கிறதா?"

யாகீன் மனதுக்குள் தேடிப் பார்த்தார். இல்லை.

"ஆனால் இது வேலை மாதிரி இருக்கிறதே."

"வேலை செய்தால் வேர்க்கும்," என்றார் ரபி. "எனக்குப் பல் கிட்டுகிறது."

அத்தாராள் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "என் தோட்டத்துத் தண்ணீர். நான் உட்காருகிறேன்."

"நீ போய்த் தண்ணீர் வந்து சேர்கிறதா என்று பார் அம்மா," என்றார் ரபி. "பார்ப்பது வேலையில்லை. பார்த்துச் சொல்ல நீதான் வேண்டும்."

அவள் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து குரல் வந்தது.

"வருகிறது! ஆனால் முதல் பாத்தியைத் தாண்டவில்லை!"

காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. உடைப்பு அகலம். ரபி ஒல்லி. அவர் ஒரு கரையை ஒட்டி உட்கார்ந்திருந்தார். மறு கரையோரம் பாதித் தண்ணீர் ஏபேரின் வெங்காயத்துக்கே போய்க்கொண்டிருந்தது. ரபி இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம் என்று ஊரில் பலகாலமாகச் சொல்லிவந்தவர்களுக்கு அன்றுதான் நியாயமான காரணம் கிடைத்தது.

"நான் உட்காருவேன்," என்றார் ஏபேர். "உட்கார்ந்தால் என்னைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். தூக்குவது வேலையாயிற்றே."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்கள்.

மிச்சமிருந்தது யாகீன். அந்த உடைப்பில் மீதி இடம் அவர் உடம்புக்கென்றே விட்டுவைத்ததுபோல இருந்தது. அவருக்கும் அது தெரிந்தது. வெள்ளை அங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். தாழ்ந்த குரலில் பேசினார்.

"ரபி, நேற்று நான் இதைச் சரியாக மிதிக்கவில்லை. ஜெபத்துக்கு நேரமாயிற்று என்று ஓடிவிட்டேன்."

"பார்த்தாலே தெரிகிறது."

"கூடும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இப்போதே இறங்குகிறேன்."

"சொல்லமாட்டேன்."

"ஏன் ரபி?"

"சொன்னால் என் பேரில் உட்காருவீர். நாளைக்கு யாராவது கேட்டால் என்னைக் கைகாட்டுவீர்."

"பாவமென்றால்?"

"என் பாவத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாகக் குளிர்கிறது."

"நான் உட்கார்ந்தால் அடைக்கத்தானே உட்காருவேன்? வெறுமனே ஓய்வெடுக்க இல்லையே? அந்த எண்ணமே வேலையாகாதா?"

"உம் எண்ணத்துக்கு நான் எப்படித் தீர்ப்புச் சொல்வது?"

யாகீனுக்கு முதல்முறையாக ரபிமேல் கோபம் வந்தது. எத்தனை வருஷம் கேட்டிருக்கிறார்! இத்தனூண்டு ஆட்டுக்கும் கோழிக்கும் தீர்ப்புச் சொன்ன மனிதர், உயிர் போகிற நேரத்தில் கையை விரிக்கிறாரே என்று இருந்தது.

கீழேயிருந்து அத்தாராளின் குரல் மறுபடி வந்தது.

"அப்படியே நிற்கிறது ரபி! வெயில் ஏறுகிறது!"

யாகீன் செருப்பைக் கழற்றினார். வாய்க்காலில் கால் வைத்ததும் குளிர் முதுகெலும்புவரை ஏறியது. ஒரு கணம் திரும்பிவிடலாமா என்று பார்த்தார். பிறகு, தொப்பென்று உட்கார்ந்தார். தண்ணீர் தெறித்து ரபியின் தாடியில் விழுந்தது. வெள்ளை அங்கி சேற்றில் பரவியது.

சற்று நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கீழேயிருந்து ஒரு கூவல்.

"இரண்டாம் பாத்தி!"

ஏபேர் தடியால் தரையைத் தட்டினார். யாகீன் தலையைக் குனிந்துகொண்டார். அழுகை வந்தது. முகத்தில் ஏற்கெனவே தண்ணீர் இருந்ததால் அதை மறைக்க அவர் சிரமப்படவில்லை.

அப்போதுதான் ரபியைத் தேடிக்கொண்டு ஜெப ஆலயத் தலைவர் வந்தார். வேதம் வாசிக்க ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. ஊர் முழுக்க வாய்க்கால் கரையில் நிற்கிறது. உடைப்பில் ரபி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ரபிகளுக்கு இப்படி ஏதாவது வரும் என்று அவருக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்ததும்தான் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"யாகீன்! நீருமா? யார் கொடுத்த உத்தரவு இது?"

யாகீன் ரபியைப் பார்த்தார். ரபி எதிரே இருந்த அத்திமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு அப்படி என்ன வேலையோ.

"யாரும் கொடுக்கவில்லை," என்றார் யாகீன். குரல் நடுங்கியது. குளிராகவும் இருக்கலாம். "தண்ணீர் அத்தாராளுடையது. மடையைச் சரியாக அடைக்காதவன் நான். நான் உட்கார்ந்திருக்கிறேன்."

"நாளைக்கு இதற்கு நீர் பதில் சொல்ல வேண்டும்."

"சொல்கிறேன்."

தலைவர் சேறு படிந்த அந்த வெள்ளை அங்கியைப் பார்த்தார். போகவில்லை. கரையில் ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்தார்.

யாகீன் ரபியின் பக்கம் திரும்பினார். இப்போதாவது ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். கூடும், கூடாது, இரண்டில் ஒன்று.

ரபி அத்திமரத்திலிருந்து கண்ணை எடுத்து, தங்கள் இருவருக்கும் இடையே குனிந்து பார்த்தார்.

"கொஞ்சம் என் பக்கமாக நெருங்கி உட்காரும்," என்றார். "நடுவில் இன்னும் கசிகிறது."