படித்துத் தள்ளிய கதை

வேலங்குடி அரசன் அடலேறுவின் ஏடகத்தில் யார் வேண்டுமானாலும் போய்ச் சுவடி படிக்கலாம். போகிறவர்கள்தான் குறைவு. ஒருநாள், இடம் போதவில்லை, பழைய சுவடிகளைத் தள்ளுங்கள் என்று அரசன் உத்தரவிட்டான். மறுநாளே, அரசன் அறிவைக் கொளுத்தப் போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு.

கிளப்பியவர் சாத்தையா. என்னைப் போலப் போராட்டக்காரர். எங்கள் இனத்துக்கு ஆர்ப்பாட்டம் என்றால் சோறு வேண்டாம். கூட்டத்தோடு ஏடக வாசலில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததில்லை. அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் போராட்டத்தை எப்போது நடத்துவது? நான் நடத்திய போராட்டங்களும் அப்படித்தான்.

அரசன் அமைச்சர் பூவணனை அழைத்தான். "பழையதும் போக வேண்டும், கூட்டமும் போக வேண்டும். மாலைக்குள் முடியாவிட்டால் ஏடகத்தையே பூட்டிவிடுவேன்."

தள்ளவிருந்த கட்டுகளைப் பூவணன் வாசலுக்கே கொண்டுவந்தார். சாத்தையாவைக் கும்பிட்டார்.

"ஐயா, அரசர் தள்ளச் சொன்னார். நீங்கள் படித்துத் தள்ளுங்கள். ஊர் வேண்டும் என்று சொல்வது உள்ளே போகட்டும்."

படித்துத் தள்ளுகிறவர் என்று சாத்தையாவை அதுவரை யாரும் சொன்னதில்லை. நெஞ்சை நிமிர்த்தி முதல் கட்டை அவிழ்த்தார். அரண்மனை யானைகளின் வம்சாவளி. மூன்றாம் யானையிலேயே கூட்டம் கொட்டாவி விட்டது. தள்ளினார்கள். அடுத்தது, மாட்டுக்கு வரும் கோமாரிக்கு மருந்து. இதையா தள்ளப் பார்த்தீர்கள் என்று மாடு வைத்திருந்த ஒருத்தி சண்டைக்கு வந்தாள். பூவணன் தவறு என்று ஒப்புக்கொண்டு, தன் கையாலேயே அதை உள்ளே கொண்டுபோய் வைத்தார். அப்போதுதான் கூட்டத்தின் முகம் தெளிந்தது. நாங்கள் கத்தியதால் பிழைத்த சுவடி அது. எங்களுக்கும் கொஞ்சம் பெருமை வேண்டாமா?

மூன்றாவது கட்டின் முடிச்சு அவிழவில்லை. போட்ட நாளிலிருந்து யாரும் தொடாத முடிச்சு. சாத்தையா பல்லால் கடித்து அவிழ்த்தார். 'கொடுங்கோலனுக்கு நூறு கண்டனங்கள்.' இயற்றியவர் சாத்தையா.

குரலை உயர்த்திப் படித்தார். நாலாவது கண்டனத்தில் மாட்டுக்காரி சொன்னாள்: "அண்ணாச்சி, யானையே தேவலை. தள்ளுங்க."

கூட்டம் சிரித்துக்கொண்டே எழுந்து வீட்டுக்குப் புறப்பட்டது. சாத்தையா ஐந்தாவது கண்டனத்துக்குப் போனார். கேட்க ஆளில்லை என்று நிறுத்துகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது.

மாடத்தில் நின்ற அரசனும் விழுந்து விழுந்து சிரித்தான். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டான். ஏடகத்தின் சாவி இனி ஊரிடம் இருக்கட்டும் என்றார் பூவணன். அரசன் யோசித்தான்.

"அடுத்த கட்டு தாங்கள் இயற்றிய கவிதைகள், அரசே. கூட்டம் இன்னும் தெருமுனை தாண்டவில்லை."

மாடத்திலிருந்து சாவி வந்து விழுந்தது.